மதியம் இரண்டு மணிக்கு ஆற்றை ஏன் மூடுகிறார்கள்?

ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மொன்டானா ஆறுகளில் ஃப்ளை ஃபிஷிங் போகிறவர்களில் பலர், இறகும் நூலும் வைத்துக் கட்டிய பூச்சித் தூண்டில்களோடு ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருப்பார்கள். ஆற்றுத் தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் சுமார் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அங்கே மீன் பிடிக்க அரசு தடை போடலாம். குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனுக்கு அப்போது மூச்சுத் திணறும், பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம் என்பதுதான் காரணம்.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில், 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 11.3 மில்லிகிராம் கரையும். 20 டிகிரியில் 9.1 தான். மொன்டானாவின் மேடிசன் ஆறு எனிஸ் ஊரைக் கடக்கும் இடமோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் அங்கே இன்னும் குறைவாகவே கரையும். இன்னொரு பக்கம், மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீரோடு சேர்ந்து அதன் உடலும் சூடாகி, ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகும். வரவு குறையும் நேரத்தில்தான் செலவு ஏறுகிறது.

கோடையின் கடைசியில் பனி உருகி வரும் நீரும் வற்றிவிடும். ஆழமில்லாத ஆறு வெயிலில் சீக்கிரம் சூடேறும். ஆனாலும் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும் என்பதால், உச்சம் நண்பகலில் இல்லாமல் மாலையில் வரும். குளிர்ச்சி அதிகம் இருப்பது விடியற்காலையில்.

இந்த நிலையில் மீன் தூண்டிலில் சிக்கினால், தப்பிக்கத் துள்ளுவது வெள்ளைத் தசைகளின் வேலை. அவை ஆக்சிஜன் இல்லாமலே இயங்கி, லாக்டேட் எனும் பொருளைக் குவிக்கும். அந்த ஆக்சிஜன் கடனை அப்புறம் செவுள் வழியாக ஆக்சிஜன் எடுத்துத்தான் அடைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து புகைப்படத்துக்காக மீனை வெளியே தூக்கினால், நீரில் விரிந்து நிற்கும் மெல்லிய செவுள் இழைகள் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு நின்றது போலத்தான். கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஓயும்வரை விரட்டப்பட்ட ரெயின்போ ட்ரவுட்களில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் செத்தன. விரட்டியபின் 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். ஆய்வகத்தில் கடுமையாகக் களைக்க வைத்த மீன்கள் அவை. ஆற்றில் சாவு இவ்வளவு இருக்காது. ஆனாலும் பிடித்த மீனை வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து தூண்டில் முள்ளை எடுத்து விட்டுவிடுவதுதான் சரி.

சிக்கல் என்னவென்றால், ஆசை காட்டுவதும் அதே மதியம்தான். வெயில் ஏறினால் வெட்டுக்கிளிகள் சுறுசுறுப்பாகும், காற்று அவற்றை ஆற்றில் தள்ளும், ட்ரவுட் பாய்ந்து கவ்வும். காலையில் கிடைப்பதோ ட்ரைக்கோ எனும் பொடிப் பூச்சிகள். அவற்றைப் போல் கட்டிய தூண்டிலில் நூலைக் கோக்கவே கண் வலிக்கும். ஆனால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், பிடித்து விட்ட மீன் பிழைக்கும். அதற்காகவே காலை எனக்குப் பிடிக்கும்.

தடை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 20 டிகிரி ஆனதுமே நூலைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஓடையோ ஊற்றோ வந்து கலக்கும் குளிர்ந்த இடங்களில் அப்போது மீன்கள் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அங்கே வீசினால் சுலபமாகச் சிக்கும். போக வேறு இடமில்லாமல் வந்து நிற்கும் மீன்கள் அவை. அங்கே தூண்டில் போடக் கூடாது.