“நீங்க பார்த்துச் செஞ்சா சரி டாக்டர்”

ஒப்புதல் படிவத்தை மேசையில் வைத்ததுமே எதிரே உட்கார்ந்திருந்த அம்மா கட்டைவிரலை நீட்டிவிட்டார். “எங்க வைக்கணும்? நீங்க பார்த்துச் செஞ்சா சரி டாக்டர்.”

புதிய சர்க்கரை மாத்திரைக்கான ஆய்வு அது. படிக்கத் தெரியாதவர் சேரும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கடைசிவரை உடன் இருக்க வேண்டும். இருந்தார். பக்கம் பக்கமாகச் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ரேகை வைத்தார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். ஆய்வு மருந்தின் காலி அட்டையைக்கூடத் திருப்பித் தர வேண்டும், நாங்கள் எண்ணிப் பார்ப்போம். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு அட்டை குறைந்தது.

“நாத்தனாருக்குக் கொடுத்தேன் டாக்டர். அவளுக்கும் சக்கரைதானே.”

நாத்தனாரை அன்றே வரவழைத்துப் பரிசோதித்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டர் ஏதோ நல்ல மருந்து கொடுக்கிறார் என்றுதான் அந்த அம்மா இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அவருக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: “இந்த மருந்து எவ்வளவு நல்லது என்று எனக்கே இன்னும் தெரியாதும்மா. தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு.” யாருக்குப் புது மாத்திரை, யாருக்குப் பழையது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலக் கணினி முடிவு செய்யும். பல ஆய்வுகளில் அது டாக்டருக்கும் தெரியாது. சிலவற்றில் மருந்தே இல்லாத மாத்திரையும் உண்டு. அப்புறம், “வீட்டில் கேட்டால் என்னன்னு சொல்வீங்க?” என்று அவர்களையே சொல்லச் சொல்கிறேன். அந்தப் பதிலில்தான் புரிந்ததா இல்லையா என்பது தெரிகிறது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் கேளுங்கள். ஆய்வு முறையாக நடக்கிறதா, சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில் இருக்கும். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். தலைவர் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்கின்றன மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு அரசு விதிகள். புது மருந்து ஆய்வு என்றால் அரசின் ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்த எண்ணைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டதும், “அப்ப நாங்க சோதனை எலியா?” என்று சிலர் எழுந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நம்ம சென்னைக் கதையைச் சொல்வேன். காசநோய் என்றால் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் கிடக்க வேண்டும் என்றிருந்த காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து. நெருக்கடியான வீடுகள், சாப்பாடும் சானடோரியத்தைவிடக் குறைவு. இருந்தும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாக இவர்களும் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் முடிவுகள் வெளிவர, உலகமே காசநோயாளியை வீட்டில் வைத்துக் குணப்படுத்தத் துணிந்தது. இன்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒவ்வொரு காசநோயாளியும் அந்த 193 பேருக்குக் கடன்பட்டவர்.

அந்த அம்மாவிடம் மறுபடி முதலிலிருந்து பேசினேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், வழக்கமான வைத்தியம் நிற்காது என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாதியில நின்னா நீங்க கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“மாட்டேன்மா.”

“அப்ப மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்.” படிவத்தை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.