ஹெட்நோட் தீர்ப்பு ஆகாது: தலைமை நீதிபதி வெய்ட்டின் கதை

போன வாரம் ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்துத் தோட்டக்காரரோடு பாதைத் தகராறு. போனை நீட்டி நான்கு வரி காட்டினார். "சுப்ரீம் கோர்ட்டே நம்ம பக்கம் சொல்லிடுச்சு சார், அதான் வாய்தாவுக்குப் போகல." அவர் வராததால் அவருக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு, ஆகி இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த நான்கு வரி யாரோ ஒரு ஹெட்நோட்டிலிருந்து, அதாவது தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கக் குறிப்பிலிருந்து, வெட்டி அனுப்பியது. முழுத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். அந்த வழக்கில் இவரைப் போலவே பாதை கேட்டவர் தோற்றிருக்கிறார்!

இந்த வருடத்தில் இப்படி வந்த மூன்றாவது கட்சிக்காரர் இவர். அதனால் என் ஜூனியர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் ஒரு நீதிபதியின் கதையை இங்கே எழுதிவைக்கிறேன்.

மாரிசன் வெய்ட், 1816இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் நீதிபதி. யேல் கல்லூரியில் படித்துவிட்டு ஓஹையோவுக்குப் போய், மௌமியிலும் பிறகு டொலீடோவிலும் வக்கீல் தொழில் செய்தார். உள்நாட்டுப் போரில் பிரிட்டனில் கட்டப்பட்ட கப்பல்கள் விளைவித்த சேதத்துக்கு அமெரிக்கா நஷ்டஈடு கேட்டபோது, ஜெனீவா நடுவர் மன்றத்தில் வாதாடிய வக்கீல்களில் இவரும் ஒருவர். 1872இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அதற்கு முன் அவர் பெயர் ஓஹையோவுக்கு வெளியே அதிகம் தெரியாது.

1874இல் ஜனாதிபதி கிராண்ட் இவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆக்கினார். முதல் தேர்வு இவர் இல்லை. சிலர் பதவியே வேண்டாம் என்றார்கள், இருவரின் நியமனம் திரும்பப் பெறப்பட்டது. ஒருநாள்கூட நீதிபதியாக உட்கார்ந்திராத வெய்ட்டை செனட் 63க்குப் பூஜ்யம் என்று ஏற்றுக்கொண்டது. 14 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை மறுத்த 1875ஆம் ஆண்டுத் தீர்ப்பும், லூசியானாவில் கறுப்பின மக்களைக் கொன்றவர்கள் தப்பிக்க வழிவிட்ட 1876ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவர் எழுதியவை. அவற்றை நான் மன்னிக்க மாட்டேன். 1877இல் சிகாகோ தானியக் கிடங்குக்காரர்கள் வாங்கும் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கலாம் என்றும் அவரேதான் எழுதினார். பொதுமக்கள் நலனைத் தொடும் தொழிலை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்ற அந்த வாதத்தை இன்று படித்தாலும் உரம் குறையவில்லை.

அப்படிப்பட்டவரின் பெயர் இன்று எதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? கம்பெனிகளும் 'நபர்'களே என்ற வரியோடு.

1886, சாண்டா கிளாரா வழக்கு. கலிபோர்னியாவில் ஒரு ரயில்வே கம்பெனி மீது விதித்த சொத்து வரி பற்றியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைக் காக்க 1868இல் வந்த அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம், எந்த 'நபருக்கும்' சட்டத்தின் சமப் பாதுகாப்பை மாநிலம் மறுக்கக்கூடாது என்பது, தனக்கும் பொருந்தும் என்றது கம்பெனி. வாதம் தொடங்குமுன் வெய்ட், இந்தக் கேள்வியில் வாதம் கேட்க விரும்பவில்லை, பொருந்தும் என்றே நாங்கள் எல்லோரும் கருதுகிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னார். அவ்வளவுதான். நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. தண்டவாளத்தை ஒட்டிய வேலிகளின் மதிப்பை மாநில வாரியம் வரியில் சேர்த்தது தவறு. வேலியை வைத்துத்தான் கம்பெனி ஜெயித்தது!

தீர்ப்புத் தொகுப்பைத் தயாரித்தவர் பான்கிராஃப்ட் டேவிஸ். வெய்ட் சொன்னதைக் குறித்துக்கொண்டு, இது சரியா என்று அவருக்கே கடிதம் எழுதினார். சொன்னது போதுமான அளவு சரியாகவே இருக்கிறது, ஆனால் அரசியல் சட்டக் கேள்வியைத் தீர்ப்பில் நாங்கள் தவிர்த்துவிட்டதால் அதைப் போடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று வெய்ட் பதில் எழுதினார். டேவிஸ் அதை ஹெட்நோட்டில் போட்டார். அதன்பின் வந்த வழக்குகளில் சாண்டா கிளாராவை முடிந்த முடிவாகவே எடுத்துக் காட்டினார்கள். 1888இல் வெய்ட் நிமோனியாவில் இறந்துவிட்டார்.

ஹெட்நோட்டை நீதிபதி எழுதுவதில்லை. இதை எத்தனை முறைதான் சொல்வது! தொகுப்பாசிரியர் எழுதுகிறார், பதிப்பகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் எழுதுகிறார். வாசகருக்கு வழிகாட்ட எழுதுகிறார். அவர் நல்லவராக இருக்கலாம், கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனாலும் அது தீர்ப்பு ஆகாது. 1906இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹெட்நோட் நீதிமன்றத்தின் படைப்பு அல்ல என்று பளிச்சென்று சொல்லிவிட்டது. இன்றும் அங்கே ஒவ்வொரு தீர்ப்புச் சுருக்கத்தின் தலையிலும் அந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். நம் ஊர்ச் சட்ட ஜர்னல்களிலும் ஹெட்நோட் பதிப்பாசிரியர் கைவேலைதான்.

ஜூனியர்களே, நீதிபதி "எந்தப் பாரா?" என்று கேட்டபிறகு பக்கம் புரட்டுவதை விடுங்கள். சைட்டேஷன், அதாவது முன்தீர்ப்பு மேற்கோள், கொடுக்குமுன் வழக்கின் சங்கதிகளைப் படியுங்கள். நீங்கள் காட்டும் வரி பெரும்பான்மைத் தீர்ப்பில் உள்ளதா, மாறுபட்ட தீர்ப்பில் உள்ளதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்தெழுதிய பாராவை நீதிபதியின் முடிவாகப் படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த பெரிய அமர்வு அதை மாற்றியிருக்கிறதா என்றும் தேடுங்கள்.

கட்சிக்காரர்களிடம் ஒரே வேண்டுகோள். வாட்ஸ்ஆப்பில் தீர்ப்பு வந்தால் அதை உங்கள் வக்கீலுக்கு அனுப்புங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. வாய்தாவுக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு டிகிரியை ரத்து செய்ய மனுப் போட வேண்டும். 30 நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வாய்தாவுக்கு வராததற்கு என்ன காரணம் என்று அபிடவிட்டில் எழுதுவது? அந்த இடத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.