செம்பருத்தி மட்டும் போட்டோல ஏன் சிவப்பு பெயிண்ட் அப்பின மாதிரி வருது?

வெயில் காலம் வந்துட்டா தோட்டத்துல செம்பருத்தி, காகிதப்பூ, டேபிள் ரோஸ், மல்லினு எல்லாமே ஒரே நேரத்துல பூத்துத் தள்ளும், நாமளும் போன எடுத்துட்டுப் போயி ஒவ்வொண்ணா கிளிக் பண்ணுவோம். அப்புறம் உக்காந்து பாத்தா மத்த பூவெல்லாம் ஓரளவு வந்திருக்கும், ஆனா நல்லா சிவந்த செம்பருத்தி மட்டும் இதழ்ல ஒரு நரம்பு இல்ல, ஒரு மடிப்பு இல்ல, யாரோ சிவப்பு பெயிண்ட் அப்பி வச்ச மாதிரி இருக்கும். போன் சரியில்லனு முடிவு பண்ணிடாதீங்க, பெரிய கேமராலயும் இதே பிரச்சினை உண்டு. கேமராவோட ஒவ்வொரு பாகமும் பச்சைக்குத்தான் முதல் மரியாதை குடுக்கற மாதிரி செஞ்சிருக்கு, சிவப்பு ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கொஞ்சமா அடி வாங்குது, அதான் விஷயம். அது எங்கெங்க நடக்குதுனு தெரிஞ்சிட்டா போன்லயே அழகா எடுக்கலாம்.

முதல்ல பூவ கிட்ட போயி பாருங்க. அஞ்சு இதழ், ஒவ்வொண்ணுலயும் அடியிலேர்ந்து விசிறி மாதிரி நரம்பு பிரிஞ்சு போகும், ஓரம் லேசா சுருங்கியிருக்கும், நடுவுல நீளமா ஒரு தண்டு நீட்டிக்கிட்டு அதுல மஞ்சளா மகரந்தப் பைங்க ஒட்டியிருக்கும், நுனியில அஞ்சு குட்டி சிவப்பு உருண்டை, அதுதான் சூல்முடி. இதழத் தொட்டா வெல்வெட் மாதிரி இருக்கறதுக்கும் காரணம் இருக்கு. நிறைய பூக்களோட இதழ் மேல்தோல்ல செல்கள் தட்டையா இல்லாம கூம்பு கூம்பா நிக்கும், அதனால வர்ற வெளிச்சம் மேலாக்கப் பட்டு அப்படியே திரும்பிப் போகாம உள்ள இறங்கி நிறமிய தொட்டுட்டு வெளிய வரும், நிறம் இன்னும் அடர்த்தியா தெரியும். செம்பருத்தியில அந்த நிறமி ஆந்தோசயனின். அது பச்சை ஒளியையும் நீல ஒளியில பெரும்பகுதியையும் முழுங்கிடும், சிவப்ப மட்டும் ஏகத்துக்கும் திருப்பி அனுப்பும். அதாவது சிவப்பு ஒளி கணக்குல பாத்தா இந்தப் பூ ரொம்ப ரொம்ப பிரகாசமான பொருள், பச்சை, நீலம் கணக்குல பாத்தா கிட்டத்தட்ட கருப்பு. இந்த ஏற்றத்தாழ்வுதான் கேமராவ குழப்புது.

கேமராவுக்குள்ள ஒளிய பதிவு பண்ற சிப்புதான் சென்சார், அதுல இருக்கற குட்டிக் குட்டிப் புள்ளிங்கதான் பிக்சல். அந்த பிக்சலுக்கு நிறமே தெரியாது, எவ்வளவு ஒளி விழுந்துச்சுனு மட்டும்தான் தெரியும். அதனால ஒவ்வொரு பிக்சல் மேலயும் ஒரு குட்டி கலர் ஃபில்டர் வச்சிருப்பாங்க. இந்த ஏற்பாட்ட கோடாக் கம்பெனியில வேலை பாத்த பிரைஸ் பேயர் கண்டுபிடிச்சாரு, 1976-ல பேட்டன்ட் கிடைச்சுது, இன்னிக்கும் பெரும்பாலான கேமரால அதோட ஏதாவது ஒரு வடிவம்தான் ஓடுது. நாலு பிக்சல் எடுத்துக்கிட்டா அதுல ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். பச்சைக்கு ஏன் ரெண்டுனா, பகல் வெளிச்சத்துல மனுஷக் கண்ணு 555 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சையும் மஞ்சளும் சேர்ற இடத்துல, ரொம்ப கூர்மையா பாக்கும். சாதாரண காட்சிகளுக்கு இது அருமையான முடிவு. ஆனா செம்பருத்தி இதழோட நுணுக்கம் பெரும்பாலும் சிவப்பு ஒளியிலதான் வருது, அத பதிவு பண்ண மொத்த பிக்சல்ல கால்வாசிதான் இருக்கு, மீதிய பக்கத்து பிக்சல்கள பாத்து சாஃப்ட்வேர் ஊகிச்சு நிரப்புது. முதல் அடி இது.

ரெண்டாவது அடிதான் பெருசு. எவ்வளவு ஒளிய உள்ள விடணும்னு கேமரா எப்படி முடிவு பண்ணுதுனா, காட்சி மொத்தத்தோட பிரகாசத்த அளந்து அத ஒரு நடுத்தர சாம்பல் அளவுக்கு கொண்டு வரப் பாக்கும். இந்த பிரகாசத்த கணக்கு போடறப்ப மூணு நிறத்துக்கும் சம மதிப்பு கிடையாது. டிவிலயும், நாம வழக்கமா சேவ் பண்ற ஜேபெக் போட்டோ ஃபைல்லயும் புழங்கற பழைய சூத்திரத்துல பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114. ஜேபெக்ல ஒவ்வொரு நிறமும் 0-லேர்ந்து 255 வரைக்கும் ஒரு எண்ணா பதிவாகும். சுத்தமான சிவப்பு அதோட உச்சத்துல, அதாவது 255-க்கு 255 இருந்தா கூட, அந்த சூத்திரப்படி அதோட பிரகாசம் 100-க்கு 30 தான். அப்ப கேமரா என்ன நினைக்கும், அய்யோ இருட்டா இருக்கேனு எக்ஸ்போஷர ஏத்தும். சுத்தி கரும்பச்சை இலை வேற இருந்தா இன்னும் ஏத்தும். ஏற்கனவே விளிம்புல நின்ன சிவப்பு, உச்சத்துக்கு மேல போக வழியில்லாம 255-லயே முட்டிக்கிட்டு நிக்கும். நரம்புல 200, மடிப்போட மேட்டுல 225, இதழ் நடுவுல 250-னு வந்திருக்க வேண்டியது எக்ஸ்போஷர் ஏறினதும் எல்லாமே 255-ஐ தாண்டிடும், பதிவாகறது எல்லா இடத்துலயும் ஒரே 255. வித்தியாசம் இருந்தாத்தானே உருவம் தெரியும்? வித்தியாசம் போச்சு, பெயிண்ட் மட்டும் மிச்சம். கேமராக்காரங்க இத கிளிப்பிங்னு சொல்லுவாங்க.

இதுல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. நிறைய பேரு ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவுனு காட்டற வரைபடத்த பாத்து எடுக்கறாங்க, நல்ல பழக்கம்தான், ஆனா வெள்ளையா ஒரே ஒரு மலை மாதிரி வர்ற ஹிஸ்டோகிராம் பிரகாசத்த மட்டும்தான் காட்டும். சிவப்பு சேனல் முழுசா முட்டி நின்னாலும் அது எல்லாம் சரியா இருக்குனுதான் சொல்லும். சிவப்பு பச்சை நீலம்னு மூணா பிரிச்சு காட்டற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் உங்க கேமரால இருந்தா அத வச்சுக்கங்க, சிவப்பு கோடு வலது சுவத்துல ஏறி நிக்கறது அப்பட்டமா தெரியும்.

வெள்ளை சமநிலை, அதாங்க வொயிட் பேலன்ஸ், அதுவும் கை வைக்குது. பகல் வெளிச்சத்துல சென்சாரோட சிவப்பு பிக்சல்கள்ல பச்சைய விட கம்மியாத்தான் சிக்னல் வரும், அதனால கேமரா அத ஒரு எண்ணால பெருக்கி சரி பண்ணும். நிழல்ல எடுத்தா வெளிச்சம் நீலம் கலந்து இருக்கும், அத ஈடு கட்ட சிவப்ப இன்னும் அதிகமா பெருக்கும். அப்ப சென்சார்ல பத்திரமா பதிவான சிவப்பு கூட இந்தப் பெருக்கல்ல போயி 255-ல முட்டிக்கும். சென்சார் பதிவு பண்ணத அப்படியே வைக்கற ரா ஃபைல்ல எடுக்கறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி இதுலதான் இருக்கு, ஏன்னா ரா ஃபைல் பெருக்கலுக்கு முன்னாடி இருக்கற தகவல 12 அல்லது 14 பிட்ல, அதாவது 4,096 அல்லது 16,384 படிகள்ல வச்சிருக்கும். ஜேபெக்ல செத்துப்போன நரம்பு ராவுல பெரும்பாலும் உயிரோட இருக்கும்.

கடைசி அடி, ஃபைல சேவ் பண்றப்ப. ஜேபெக்ல இடத்த மிச்சம் பண்றதுக்காக பிரகாசத்த முழு நுணுக்கத்தோடவும் நிறத்த கம்மி நுணுக்கத்தோடவும் வைப்பாங்க, அடிக்கடி நாலு பிக்சலுக்கு சேத்து ஒரே ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். நம்ம கண்ணு நிறத்துல அவ்வளவு நுணுக்கம் பாக்காதுங்கறதால சாதாரணமா இது தெரியவே தெரியாது. ஆனா சிவப்பு மேல சிவப்பா இருக்கற ஒரு இதழ்ல, பிரகாச வித்தியாசம் ஏற்கனவே போன பிறகு, மிச்சம் இருக்கற கொஞ்சநஞ்ச வித்தியாசமும் நிறத்துலதான் இருக்கு, அதுவும் இங்க மழுங்கிடும்.

சிவப்புக்கும் போட்டோவுக்கும் இந்த லடாய் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1861-ல லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்ங்கற இயற்பியல் விஞ்ஞானி மூணு நிறத்த சேத்து கலர் படம் காட்டலாம்னு செஞ்சு காட்டினாரு, போட்டோகிராஃபர் தாமஸ் சட்டன் ஒரு கட்டம் போட்ட ரிப்பன சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனி ஃபில்டர் வழியா படம் எடுத்துக் குடுத்தாரு. அந்தக் காலத்துல படம் பதிவு பண்ண கண்ணாடித் தட்டுங்களுக்கு சிவப்பு ஒளி சுத்தமா தெரியாது, ஆனாலும் சிவப்பு ஃபில்டர் வழியா எடுத்த தட்டுல ரிப்பனோட சிவப்பு பதிவாகியிருந்துச்சு. எப்படினு புரிய நூறு வருஷம் ஆச்சு. அந்த சிவப்பு சாயம் புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியிருக்கு, ஃபில்டரும் அத உள்ள விட்டிருக்கு, தட்டு பதிவு பண்ணது அந்த புற ஊதாவத்தான். கேமரா பாக்கறது ஒண்ணு, நாம பாக்கறது ஒண்ணுங்கறத இத விட தெளிவா காட்டற கதை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சரி, என்ன பண்ணலாம்? எக்ஸ்போஷர குறைங்க, நான் முதல்ல சொல்றது இதத்தான், மத்ததெல்லாம் அப்புறம். போன்ல பூ மேல தொட்டா ஒரு சூரியன் குறி வரும், அத கீழ இழுங்க, ஸ்க்ரீன்ல நரம்பு தெரிய ஆரம்பிக்கற வரைக்கும். கேமரான்னா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ங்கற செட்டிங்க மைனஸ் 0.7-ல ஆரம்பிச்சு மைனஸ் 1, தேவைப்பட்டா அதுக்கும் கீழ. இலையெல்லாம் இருண்டு போகுதேனு கவலைப்படாதீங்க, இருட்ட பின்னாடி கொஞ்சம் தூக்கிக்கலாம், ஜேபெக்ல முட்டி நின்ன சிவப்ப யாராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது. அதோட கலர் மோடு விவிட்ல இருந்தா நார்மலுக்கு மாத்துங்க, விவிட் மோடு சிவப்ப இன்னும் தள்ளி விடும்.

வெளிச்சம் எப்படி இருக்குங்கறதும் முக்கியம். உச்சி வெயில்ல தரையில சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழும், பக்கத்துலயே இலைக்கு அடியில அதுல ஒரு சின்ன பங்குதான், இந்த ரெண்டையும் ஒரே படத்துல அடக்கறது எந்த சென்சாருக்கும் கஷ்டம். மேல ஒரு மெல்லிசு வெள்ளைத் துணிய யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க, வெளிச்சம் பரவலா விழும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம் குறையும். காலையில வெயில் சாய்வா விழறப்ப எடுத்தா நரம்போட நிழல் தனியா தெரியும். எனக்கு ரொம்ப பிடிச்சது பூவுக்குப் பின்னாடி சூரியன வச்சு எடுக்கறது. அப்ப ஒளி இதழ் வழியா ஊடுருவி வரும், நரம்பு இருக்கற இடம் தடிமனா இருக்கறதால இருண்டும் மத்த இடம் ஒளிர்ந்தும் தெரியும், வேற எப்படி எடுத்தாலும் அந்த அளவுக்கு நரம்பு தெரியாது.

வெள்ளைப் பூவுக்கு கதை கொஞ்சம் வேற. மல்லியிலயும் நந்தியாவட்டையிலயும் வெள்ளைனு தனியா ஒரு நிறமி இல்ல, இதழுக்குள்ள செல்லுங்களுக்கு நடுவுல இருக்கற காத்து இடைவெளிங்க எல்லா நிற ஒளியையும் சிதறடிக்குது, அதுதான் வெள்ளை. கரும்பச்சை இலைக்கு நடுவுல குட்டியா இருந்தா கேமரா இலைய பாத்து எக்ஸ்போஷர ஏத்தி பூவ வெளுக்க வச்சிடும், அப்பவும் குறைக்கணும். ஃப்ரேம் முழுக்க வெள்ளைப் பூவே இருந்தா நேர் எதிரா நடக்கும், வெள்ளைய சாம்பல் ஆக்கிடும், அப்ப கொஞ்சம் ஏத்தணும். காகிதப்பூவோட மெஜந்தா இன்னும் கொடுமை, சிவப்பும் நீலமும் ரெண்டுமே முட்டும், அதனால அதுக்கு எக்ஸ்போஷர தாராளமா குறைங்க. அதுல கலரா இருக்கறது இதழே இல்ல, பூவடி இலை, நிஜப் பூ நடுவுல குழாய் மாதிரி குட்டியா வெள்ளையா இருக்கும், ஃபோகஸ் அதுல வச்சா படத்துக்கு ஒரு மையம் கிடைக்கும். நீல சங்குப்பூ போட்டோல ஊதாவா வந்து பலபேர வெறுப்பேத்தும். கேமராவோட சிவப்பு ஃபில்டரும் நம்ம கண்ணும் ஒரே மாதிரி பாக்கறது இல்ல, நிறைய நீலப் பூக்கள் நம்ம கண்ணுக்கு எட்டாத ஆழச் சிவப்பு ஒளிய நல்லா திருப்பி அனுப்பும், அது கொஞ்சம் சென்சார்ல விழுந்தா நீலத்தோட சேந்து ஊதா ஆயிடும். ஃபிலிம் காலத்துலேர்ந்தே இருக்கற தொல்லை இது. வொயிட் பேலன்ஸ நீலப் பக்கம் லேசா நகத்தினா ஓரளவு சரியாகும்.

ஃபோகஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். செம்பருத்தியோட சூல்முடி இதழ்லேர்ந்து சில சென்டிமீட்டர் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், ரொம்ப கிட்ட போனா தெளிவா இருக்கற ஆழம் அத விட கம்மியாயிடும், ரெண்டும் சேந்து தெளிவா வராது. எது வேணும்னு முடிவு பண்ணிக்கங்க, இல்ல கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கங்க, இல்ல பக்கவாட்டுல நின்னு ரெண்டும் ஒரே தூரத்துல இருக்கற மாதிரி எடுங்க. போர்ட்ரெய்ட் மோட மட்டும் பூவுக்கு வேணாம்னு சொல்லுவேன், அந்த குட்டி உருண்டைங்களையும் மெல்லிசு காம்பையும் சாஃப்ட்வேர் பின்னணினு நினைச்சு மழுக்கிடும். காத்து அடிக்கறப்ப ஷட்டர் 1/500 விநாடிக்கு மேல வேகமா இருக்கட்டும். போன்ல எச்டிஆர் ஆன் பண்ணா பல படத்த ஒண்ணா சேக்கும், பூ ஆடினா ஓரத்துல ரெட்டையா தெரியும், ஆடற பூவுக்கு அத ஆஃப் பண்ணிட்டு எடுங்க.

எடிட் பண்றப்ப செச்சுரேஷன மொத்தமா ஏத்தாதீங்க, கஷ்டப்பட்டு காப்பாத்தின சிவப்பு திரும்ப முட்டிக்கும். கலர் கலரா பிரிச்சு மாத்தற ஆப்ஷன் உங்க ஆப்ல இருந்தா சிவப்போட லூமினன்ஸ, அதாவது பிரகாசத்த, மட்டும் கொஞ்சம் இறக்குங்க, நரம்பு மேல எழும்பி வரும். படம் ஏற்கனவே முட்டிப் போச்சுனா அத கருப்பு வெள்ளைக்கு மாத்தி சிவப்பு பங்க குறைச்சு பச்சை பங்க கூட்டிப் பாருங்க, பச்சை சேனல் இருட்டுல இருந்ததால முட்டாம தப்பிச்சிருக்கும், காணாம போனதுனு நினைச்ச மடிப்பும் நரம்பும் அதுல ஓரளவு ஒளிஞ்சிருக்கும். கலர்ல வேணும்னா அந்தப் பூவ திரும்பத்தான் எடுக்கணும், பல செம்பருத்தி வகைகள்ல ஒரு பூ ஒரு நாள்தான் நிக்கும், அதனால எடுக்கறப்பவே எக்ஸ்போஷர் மாத்தி மாத்தி மூணு நாலு படம் எடுத்து வச்சுக்கங்க.