ஊசி வேண்டாம், சீல் போதும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடைசி டோக்கன். வெல்டர், முப்பத்தைந்து வயது இருக்கும், கருங்கல் பக்கம் வீடு. எட்டு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது நைஜீரியாவில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். "ஒரு மஞ்சள் புக் வேணும், டாக்டர்ட்ட வாங்கிக்கோ" என்று ஏஜெண்ட் அனுப்பியிருக்கிறார்.

"டாக்டரம்மா, ஊசி வேண்டாம். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. புக்கில சீல் மட்டும் வச்சுத் தந்தா போதும். எவ்வளவு ஆகும்?"

இப்படிக் கேட்டு வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மார்த்தாண்டத்தில் கிளினிக் வைத்திருந்தால் வெளிநாடு போகிறவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள், கப்பலில் ஏறும் பையன்கள், ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கும் நர்ஸ் பிள்ளைகள் என்று எல்லோரும் வருகிறார்கள். அவரவருக்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு ஊசி இருக்கிறது என்பதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

முதலில் அந்த மஞ்சள் புத்தகத்தை, அதாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை, முடித்துவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் என்றதும் நம் ஆட்களுக்கு மஞ்சள் காமாலைதான் நினைவுக்கு வருகிறது. "போன வருஷம் கீழாநெல்லி குடிச்சாச்சு டாக்டர், இனி வராது" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஐயா, அது வேறு, இது வேறு. இது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசு மூலம் பரவும் வைரஸ். இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதுதான். நம் ஊர் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கும் சிரட்டையில் ஒரு வாரம் மழைத்தண்ணீர் நின்றால் போதும், அதற்கு வேறு வீடு வேண்டாம். வைரஸோடு ஒருவர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் அந்த நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பி வருகிறவர்களை நம் அரசாங்கம் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கிறது. போகும்போது மட்டும் கேட்கிற புத்தகம் என்று நினைத்தால், வரும்போது விமான நிலையத்தில் உட்கார்ந்து அழ வேண்டியிருக்கும்.

இந்த ஊசி என்னிடம் கிடையாது. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கலக்கிய பிறகு 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் ஆள் சேர்த்துத்தான் திறப்பார்கள். முன்பதிவு செய்யாமல் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். செவ்வாய்க்கிழமை வந்து சனிக்கிழமை பறக்கிறவருக்கு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு வரியைத் தங்கள் கடைச் சுவரில் ஒட்டி வைக்கும்படி டிராவல்ஸ் நடத்தும் அண்ணன்மாரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விசாவுக்கு இரண்டு மாதம் அலைகிறீர்கள், டிக்கெட்டுக்கு ஒரு வாரம் விலை பார்க்கிறீர்கள், ஊசிக்கு மட்டும் நாலு நாளா? அதேபோல பழைய புத்தகத்தில் "10 வருடம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மறுபடி ஊசி போடக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். புத்தகத்தைத் தொலைக்காமல் இருந்தால் போதும். இன்னொன்று, வளைகுடா நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. இங்கிருந்து நேரே குவைத் போகிறவர் இந்த ஊசிக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம்.

சரி, அந்த "சீல் மட்டும்" விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகமாகக் கோபப்படுத்துவது இதுதான்.

ஊசி போட்டால் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. அதற்குச் சில நாள் பிடிக்கிறது. அந்த 10 நாள் கணக்கு ஏதோ ஆபீஸ் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். உங்கள் ரத்தம் வேலை பார்க்கும் நாட்கள் அவை. வேலை நடந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு தாளில் தேதியும் குப்பியின் தொகுதி எண்ணும் எழுதி முத்திரை வைக்கிறார்கள். தாள் இல்லாமல் ஊசி மட்டும் போட்டவருக்கு விமான நிலையத்தில் தொல்லை. ஊசி இல்லாமல் தாள் மட்டும் வைத்திருப்பவருக்கு எங்கேயும் தொல்லை இருக்காது, கொசு கடிக்கும் வரை. கடித்த பிறகு அந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. கல்லீரலும் சிறுநீரகமும் போகிற அளவுக்கு முற்றினால் பிழைப்பது கஷ்டம். "எனக்கு ஒரு வியாதியும் இல்லை" என்பது ஊசி வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. வியாதி இல்லாதவர்களுக்காகத்தான் தடுப்பூசியே.

உண்மையிலேயே போடக் கூடாதவர்களும் உண்டு. இது உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரஸால் செய்த ஊசி. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்தவர்கள், தைமஸ் சுரப்பி நோய் உள்ளவர்கள், முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் 60 வயது தாண்டியவர்களும் முதன்முறையாகப் போடுவதற்கு முன் டாக்டரோடு பேச வேண்டும். இவர்களுக்காக டாக்டர் மருத்துவ விலக்கு எழுதித் தர வழி இருக்கிறது. அதை ஏற்பதும் ஏற்காததும் போய் இறங்கும் நாட்டின் இஷ்டம். பயப்படுகிறவர்களுக்கு அந்த விலக்கை எழுதித் தர மாட்டேன். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "சீல் போதும்" என்று பேசக் கற்றுக்கொடுத்தது நாமும்தான்.

கொரோனா காலத்தை, 2021-ஐ நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் கேரளாவிலிருந்து வருகிறவர்கள் ஆர்டிபிசிஆர் முடிவோ, இரண்டு டோஸ் போட்டு 14 நாள் ஆன சான்றிதழோ காட்ட வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது. சென்னைக்காரர்களுக்கு அது ஒரு செய்தி. களியக்காவிளைக்காரர்களுக்கு அது அன்றாட வாழ்க்கை. பாறசாலையில் கடை, நெய்யாற்றின்கரையில் பெண் கொடுத்த வீடு, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் அப்பாவுக்கு வைத்தியம் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிற ஊர். சபரிமலைக்கு மாலை போட்டவர்களிடமும் சான்றிதழ் கேட்டார்கள். அந்த நவம்பரில் பொது இடங்களுக்கு வரவே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று பொது சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: சர்டிபிகேட் இருக்கா? உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை, போனைக் காட்டச் சொன்னார்கள். மக்களும் போனில் இருப்பதுதான் தடுப்பூசி என்று முடிவு செய்துவிட்டார்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் என்னிடம் வந்து, போகாமலேயே இரண்டாவது டோஸ் போட்டதாக மெசேஜ் வந்துவிட்டது, வேலை மிச்சம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டாயப்படுத்தியது சரியா என்று இன்றும் கேட்கிறார்கள். 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு சொன்னது. எனக்கும் கட்டாயத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் அது இங்கே புதிதில்லை. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1879-லேயே அரசு ஊழியர்களும் கைதிகளும் மாணவர்களும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1949 வரை நம் குமரி மாவட்டமும் அந்தச் சமஸ்தானத்தில்தானே இருந்தது. அந்தத் தலைமுறையில் பிறந்த பாட்டிகளின் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அந்தச் சான்றிதழைப் பொய்யாக வாங்க முடியாது!

கொரோனா காலத்துக் காகிதம் பட்டபாடும் கொஞ்சமில்லை. அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் ஆதாரில் உள்ளபடி இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று விமான நிலையத்தில் நிரூபிக்க வேண்டும். ஒரு நம்பரில் நாலு பேர் பதியலாம் என்பதால் வீட்டோடு ஏஜெண்ட் நம்பரில் பதிந்துவிட்டு ஓடிபிக்காக அவர் பின்னால் ஓடிய குடும்பங்கள் எத்தனை. கோவிஷீல்டு இரண்டாவது டோஸுக்கு 84 நாள் காத்திருந்தால் விசா முடிந்துவிடும் என்று அழுதவர்களுக்கு, 2021 ஜூனில்தான் 28 நாள் கழித்துப் போடலாம் என்று வழி திறந்தது. கோவாக்சின் போட்டவர்கள் நவம்பர் 3-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிக்கும் வரை கையைப் பிசைந்துகொண்டு இருந்தார்கள். இதிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய ஒன்றை இன்னும் கற்கவில்லை: தடுப்பூசிச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஊசி போடும் இடத்திலேயே வாசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பது வேலைக்கு ஆகாது.

இப்போது ஜெர்மனி. 2020 மார்ச் முதல் அங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள், 1970-க்குப் பிறகு பிறந்தவர்கள் என்றால், தட்டம்மைக்கு எதிரான பாதுகாப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். இரண்டு டோஸ் போட்ட பதிவு, இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை. நம் ஊர் நர்ஸ் பிள்ளை ஒருத்தி அம்மாவோடு வந்திருந்தாள். சின்ன வயசு அட்டையைக் கரையான் அரித்துவிட்டதாம். "நீங்க பழைய தேதி போட்டு ஒரு அட்டை எழுதித் தாங்க டாக்டரம்மா." முடியாது. எழுதினால் அவளுக்கும் எனக்கும் வேலை போகும். தவிர, அவள் பிறந்த காலத்தில் அரசு அட்டவணையில் ஒரு டோஸ்தான் இருந்தது, இரண்டாவது 2010-க்குப் பிறகு வந்தது. "2017-ல பள்ளிக்கூடத்துல தட்டம்மை, ரூபெல்லாவுக்கு எம்ஆர் ஊசி போட்டாங்களே, அது போட்டியா?" என்று கேட்டேன். அம்மா தரையைப் பார்த்தார். வாட்ஸ்அப்பில் ஏதோ வந்ததாம், அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போட்டுவிட்டாராம்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாலு வார இடைவெளியில் இரண்டு எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டாயிற்று. கர்ப்பமாக இருந்தால் போடக் கூடாது, போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான ஊசி அப்படி இல்லை. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். ஆறு மாதத்தை ஒரு மாதமாகச் சுருக்க என்னால் முடியாது, எந்த அமைச்சரின் சிபாரிசு இருந்தாலும். நர்சிங் முதலாம் ஆண்டிலேயே போட்டு, பதிவை ஒரு கவரில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. உங்களுக்குத்தான் தினமும் ஊசி குத்துகிறது.

யாரும் காகிதம் கேட்காத ஊசிகளுக்கு ஆளே வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி இருக்கிறது, இலவசம். பெரியவர்களுக்கு 10 வருடத்துக்கு ஒரு முறை. தூண்டில் முள் கையில் ஏறி மூன்றாம் நாள் வீங்கிப்போய் வருகிற ஆளிடம் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் என்கிறார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலுக்கு ஏறுவதற்கு டிடி சான்றிதழ் கேட்டால் நாளைக்கே என் வாசலில் வரிசை நிற்கும், அதிலும் பாதிப் பேர் சீல் மட்டும் கேட்பார்கள்.

அந்த வெல்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரை மணி நேரம் பேசினேன், கொஞ்சம் திட்டவும் செய்தேன். டிக்கெட்டை மாற்றினார், சென்னைக்குப் போனார், ஊசி போட்டார், 12-ஆம் நாள் பறந்தார். போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ். இறங்கிய இடத்தில் அந்த மஞ்சள் புத்தகத்தை ஒருத்தரும் கேட்கவே இல்லையாம். டிக்கெட் மாற்றியது இவ்வளவு, ரயில் இவ்வளவு, லாட்ஜ் இவ்வளவு என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போனார். முழுதும் கேட்டேன். அங்கே மலேரியா அதிகம், அதற்கு இந்த ஊசி உதவாது, நான் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறீர்களா, கொசுவலை கட்டித்தான் தூங்குகிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன்.

வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டு விழுந்து பத்து நாள் ஆகிறது. பதில் வரவில்லை.