ரெக்கார்டு எல்லாம் சாதனை ஆகிவிடுமா?

தங்கை மகள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கையில் வைத்திருந்த பொது அறிவுக் கையேட்டில் ஒரு வரியைக் காட்டினாள்: ‘பிஜி எழுவர் ரக்பி அணியின் காமன்வெல்த் சாதனை: தங்கம் இல்லை, வெள்ளி 4, வெண்கலம் 1.’

“தங்கமே வாங்கலைன்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படி மாமா இது சாதனை?”

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அங்கே ‘ரெக்கார்டு’ என்று இருந்திருக்கும். மொழிபெயர்த்தவர் சட்டென்று நினைவுக்கு வந்த சொல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்தத் தவறை நான் பார்ப்பது இது முதல் முறையில்லை. ‘இந்த மைதானத்தில் அவர்களின் சாதனை மோசமாக உள்ளது’ என்று தொலைக்காட்சி வர்ணனையில் கேட்டிருக்கிறேன். ‘குற்றவியல் சாதனை உள்ளவர்கள் விண்ணப்பிக்க இயலாது’ என்று ஒரு விண்ணப்பப் படிவத்தில் படித்திருக்கிறேன். குற்றம் செய்து தண்டனை பெற்றவருக்குச் சாதனையாளர் பட்டம்! ஒவ்வொரு முறையும் மனது கசந்துபோகிறது.

ரெக்கார்டு என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ரெ’ என்றால் மீண்டும், ‘கோர்’ என்றால் இதயம். மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவருவது, அதாவது நினைவுகூர்வது என்பதுதான் மூலப் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, மறந்துபோகாமல் இருக்க எழுதிவைப்பது என்ற பொருள் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளையாட்டுக்காரர்கள் அதே சொல்லை ‘இதுவரை எழுதிவைத்ததிலேயே உச்சமானது’ என்பதற்கும் எடுத்துக்கொண்டார்கள். ஆக ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் குடியிருக்கின்றன: நடந்ததையெல்லாம் எழுதிய தொகுப்பு ஒன்று, அந்தத் தொகுப்பிலேயே மிக உயர்ந்த ஒற்றை நிகழ்வு இன்னொன்று.

சாதனை இரண்டாவது பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும். வடமொழியிலிருந்து வந்த சொல்தான், ஆனால் நம் வீட்டுச் சொல்லாகி வெகுகாலமாகிறது. சாதித்தால் சாதனை. ஒருவர் விடாப்பிடியாக நின்றாலும் ‘சாதிக்கிறான்’ என்கிறோம். எப்படிப் பார்த்தாலும் முடித்துக் காட்டியது என்ற பொருள் அதில் ஊறிப்போயிருக்கிறது. தோல்வியை உள்ளே வைக்க அந்தச் சொல்லில் இடமில்லை.

பிஜியையே எடுத்துக்கொள்வோம். எழுவர் ரக்பி என்பது அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம் என்று ஆடுவது. 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் தொடங்கியது. (எழுவர் என்ற மொழிபெயர்ப்பு அருமையானது. ஏழு பேர் இறங்கி ஆடும் கபடியைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரனுக்கு விளக்கமே வேண்டாம். ‘ரக்பி ஏழுகள்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.) ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் 2016இல் ரியோவில் நுழைந்தது. பிஜி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. அந்த நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதைக் கொண்டாட ஏழு டாலர் நோட்டே அச்சடித்தார்கள். டோக்கியோ போட்டி 2021இல் நடந்தபோது நியூசிலாந்தை 27-12 என்று வென்று மறுபடியும் தங்கம். 2024இல் பாரிசில் இறுதியாட்டம் வரை வந்து பிரான்சிடம் 7-28 என்று தோற்று வெள்ளி.

மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து 18 ஆட்டம், 17 வெற்றி, 1 தோல்வி. தொடர்ச்சியாக 17 ஆட்டம் தோற்காமல் வந்தது சாதனை. 18, 17, 1 என்ற மூன்று எண்ணும் சேர்ந்தது வேறு ஒன்று, அதற்கு வேறு பெயர் வேண்டும். ஆங்கிலக்காரர் இரண்டையும் ரெக்கார்டு என்றே சொல்லிக்கொள்ளட்டும். நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர். இது சாதனை, யாரும் மறுக்க முடியாது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, பாரிசில் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கினார். மூன்று போட்டியிலும் விடாமல் பதக்கம் வாங்கியது பெரிய சாதனை. ஆனால் ‘1.89, 1.86, 1.85’ என்று வரிசையாக எழுதிவைத்திருக்கும் அந்தப் பட்டியலுக்குச் சாதனை என்று பெயர் வைத்தால், உயரம் குறைந்துகொண்டே வருவதையும் சாதனை என்று சொல்ல வேண்டிவரும்.

சரி, சாதனை வேண்டாம் என்றால் வேறு என்ன? இங்கேதான் எனக்கும் நாலு ரோட்டில் இருக்கும் தமிழாசிரிய நண்பருக்கும் பல மாதமாக வழக்கு. அவர் ‘தடப்பதிவு’ என்கிறார். ஆங்கிலத்தில் ‘டிராக் ரெக்கார்டு’ என்று சொல்கிறார்கள் அல்லவா, டிராக் என்றால் தடம், ரெக்கார்டு என்றால் பதிவு, இரண்டும் தூய தமிழ், முடிந்தது வேலை என்பது அவர் வாதம்.

தூய தமிழ் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தூய்மையாக இருப்பதாலேயே ஒரு சொல் விளங்கிவிடாது. தடப்பதிவு என்ற சொல்லைச் சேலம் பழைய பஸ் நிலையத்தில் பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். காவல்துறை எடுக்கும் கால்தடம், கைரேகைதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் படித்தவருக்குத் தடகளம் நினைவுக்கு வரும். ஓட்டப் பந்தயத்தில் யாரோ முந்தியிருக்கிறார் என்று எண்ணுவார். ரக்பிக்காரனுக்கு ஏது தடம்? ஆங்கிலத்தில் அந்தத் ‘டிராக்’ பந்தயப் பாதையிலிருந்து வந்தது. அவர்கள் பாதையை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்? நம் மொழியில் தடம் என்றால் வண்டித்தடம், ஒற்றையடித்தடம், யானைத்தடம். ரயில் தடம் புரளும். இவற்றில் எதற்கும் வெற்றி தோல்வியோடு உறவில்லை.

பதிவு என்ற சொல்லோ பாவம், ஏற்கெனவே ஓடாய்த் தேய்ந்துபோயிருக்கிறது. பத்திரப்பதிவு, பதிவுத் தபால், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, ஏற்காட்டில் பதிவான மழை, முகநூல் பதிவு என்று எல்லாம் அதன் தலையில்தான். இதோடு விட்டார்களா? ‘அணி அபார வெற்றியைப் பதிவு செய்தது’ என்று தினமும் எழுதுகிறார்கள். வென்றது என்று சொன்னால் குறைந்தா போய்விடும்? ‘தோல்வியைச் சந்தித்தது’, ‘தோல்வியைத் தழுவியது’ என்று நீட்டி முழக்குவதைவிடத் தோற்றது என்ற மூன்றெழுத்து... இல்லை, நான்கெழுத்து, எவ்வளவு திடமாக நிற்கிறது! இப்படி வினையைக் கொன்று பெயர்ச்சொல்லைத் தூக்கி நிறுத்தும் பழக்கம் வந்தபிறகுதான் மொழிபெயர்ப்பு வாக்கியங்கள் நடக்க முடியாமல் நொண்டுகின்றன.

என் சொல் ‘கணக்கு’. ஆட்டக்கணக்கு, பதக்கக்கணக்கு, வெற்றி தோல்விக் கணக்கு என்று இடத்துக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்ளலாம்.

என் அப்பா இங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பழம் பறிக்கும் காலத்தில் சாயங்காலமானால் மூட்டைகளைத் தராசில் நிறுத்து, ஆள் பெயருக்கு நேரே கிலோவை எழுதுவார். நிறையப் பறித்தவருக்கும் குறையப் பறித்தவருக்கும் அதே மை, அதே கட்டம். வராதவருக்கும் ஒரு குறி உண்டு. நல்ல நாளை மட்டும் எழுதிவைத்த நோட்டைக் கணக்கு என்று அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ரெக்கார்டு என்பதன் முதல் பொருளுக்கு வேண்டியதும் அதேதான்.

கணக்கு என்றால் கூட்டலும் காசும்தானே, வரலாற்றைச் சொல்லுமா என்று நண்பர் கேட்டார். தமிழாசிரியர் இப்படிக் கேட்கலாமா? பதினெண்கீழ்க்கணக்கில் இருக்கும் கணக்கு என்ன கூட்டலா? நூல் தொகுதிக்கே நம்மவர்கள் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அகரம் முதல் னகரம் வரை வரிசையாக எழுதியது நெடுங்கணக்கு. கற்பித்தவர் கணக்காயர். எழுதித் தொகுத்தது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பழைய சொத்து. அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை; தடப்பதிவை விடவும் இல்லை.

நீண்ட காலத்தைக் கதையாகச் சொல்லும்போது வரலாறு என்று எழுதுவதில் எனக்குத் தடையில்லை. 1993 முதல் 2022 வரை நடந்த எட்டு எழுவர் உலகக்கோப்பைகளில் பிஜி 1997, 2005, 2022 என மூன்று முறை வென்றது. அதை ‘உலகக்கோப்பை வரலாறு’ என்று தலைப்பிட்டு எழுதினால் நன்றாகவே இருக்கும். அட்டவணைக்குத்தான் கணக்கு.

சொல் பிறக்க அறிஞர் குழு கூட வேண்டும் என்பதுகூட இல்லை. 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி அதே பிஜிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள் நம் தென்னாட்டவர். கூலி ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் ‘அக்ரிமெண்ட்’. வட இந்தியக் கூலியாட்கள் வாயில் அது ‘கிர்மிட்’ ஆகி, அங்கே எல்லோருக்குமான சொல்லானது. தூய்மை இல்லைதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவரும் பொருளை மாற்றிப் புரிந்துகொள்ளவில்லை. தெளிவுதான் எனக்கு முதலில்; தூய்மை அதோடு சேர்ந்து வந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. கணக்கில் இரண்டும் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

தங்கை மகளின் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: ‘பிஜி எழுவர் ரக்பி அணியின் காமன்வெல்த் பதக்கக்கணக்கு: 1998, 2002, 2018, 2022 வெள்ளி, 2006 வெண்கலம், 2010, 2014 ஆடவில்லை.’ ஆடாத வருடத்தை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். 2009இல் பிஜியைக் காமன்வெல்த்திலிருந்து இடைநீக்கம் செய்ததைச் சொன்னேன். வராத ஆளுக்கும் தாத்தா நோட்டில் குறி போடுவார் என்றும் சொன்னேன். 2026 கிளாஸ்கோ போட்டிப் பட்டியலில் எழுவர் ரக்பியைச் சேர்க்கவில்லை என்பதால், தேர்வு முடியும்வரை அந்த வரியை அவள் திருத்த வேண்டியிருக்காது.