செயற்கைக் கால்: அரசிடம் கேட்டு வாங்குவதும், பொருந்தும்வரை விடாமல் கேட்பதும்

எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரைப் புண் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. சில மாதம் கழித்து ஒரு முகாமில் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைத்தது. மாட்டிவிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாள் போட்டு நடந்தார். முட்டிக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. அதோடு அந்தக் கால் நெல் மூட்டைக்குப் பின்னால் போனது. அவர் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு நடந்தார். திரும்பப் போய்ச் சரிசெய்து தரச் சொல்லலாம் என்று நான் சொன்னபோது, "இனாமா குடுத்ததை எப்படிடா குறை சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அது இனாம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உதவி உபகரணங்களையும் மருந்து, பரிசோதனை, குறையைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றையும் இலவசமாகத் தர அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. போட முடியாத காலைக் கொடுத்துவிட்டு, உபகரணம் கொடுத்தாயிற்று என்று கணக்குக் காட்ட முடியாது.

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. எந்த உதவிக்குப் போனாலும் ஊனத்தின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அரசு வழிகாட்டுதலில் இதற்கு ஓர் அட்டவணையே இருக்கிறது. தொடையின் கீழ்ப்பகுதியில் எடுத்திருந்தால் 80, முழங்கால் மூட்டிலேயே எடுத்திருந்தால் 75, முழங்காலுக்குக் கீழே என்றால் எடுத்த இடத்தைப் பொறுத்து 60 அல்லது 70, கணுக்காலில் 55. ஆகவே கணுக்காலோ அதற்கு மேலோ எடுக்கப்பட்ட எல்லோருக்கும் தகுதி உண்டு. சிக்கல் பாதத்தின் ஒரு பகுதியை மட்டும் இழந்தவர்களுக்குத்தான். பாதத்தின் நடுவரை எடுத்திருந்தால் சரியாக 40, முன்பாதம் மட்டும் என்றால் 30, ஐந்து விரல்களும் போயிருந்தால் 20. சர்க்கரை நோயாளிகள் பலர் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறார்கள். சிறப்புச் செருப்போ பாதத்தை நிரப்பும் உறையோ இருந்தால் அடுத்த அறுவைச் சிகிச்சையையே தவிர்த்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். அவர்களை 40-க்குக் கீழே என்று வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியாட்ரி பிரிவில், அதாவது உடல் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில், நேரடியாகக் காட்டிச் செருப்புக்குக் கேளுங்கள்.

தேசிய அடையாள அட்டைக்கு, அதாவது யுடிஐடி அட்டைக்கு, மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் பதிந்து தருவார்கள். ஆதார், புகைப்படம், அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி இவை கையில் இருக்கட்டும். டாக்டர் பார்த்துச் சான்று தருவார். எடுத்த கால் திரும்ப வளரப்போவதில்லை என்பதால் நிரந்தரச் சான்றாகவே கேளுங்கள். தற்காலிகம் என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து, கால் யார் தருகிறார்கள்? மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம் 1981-இல் தொடங்கியது. கான்பூரில் உள்ள மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் உபகரணங்களைச் செய்து முகாம்கள் மூலமாகவும் மையங்கள் மூலமாகவும் தருகிறது. மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுவதும் இலவசம். அதற்கு மேல் 30,000 வரை பாதி விலை. இந்த வரம்புகளை இடையிடையே திருத்துவார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் சிறு தொகை தர இந்தத் திட்டத்தில் இடம் உண்டு. கேட்காதவர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, கேளுங்கள்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார் நகல்களோடு அவரிடம் மனு கொடுத்தால் செயற்கைக் காலுக்குப் பதிவு செய்துகொள்வார்கள். முகாமுக்குக் காத்திருக்க விருப்பமில்லையென்றால் சென்னை கே.கே.நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் செயற்கை அவயவ மையமே இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காக, நிப்மெட் என்று அழைக்கப்படும் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் முகாமைவிட மையத்துக்குப் போவதையே நான் சொல்வேன். முகாம் வண்டி கிளம்பிப் போய்விடும், மையம் அங்கேயேதான் இருக்கும்.

இனி, மூன்று வருட விதி. அடிப் திட்டத்தில் ஒருமுறை கால் வாங்கினால், அதே உபகரணத்தை மறுபடி வாங்க 3 ஆண்டுகள் ஆக வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஓராண்டு, வளர்கிற பிள்ளைகள் என்பதால். இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பொருந்தாத காலுக்கு இன்று கையெழுத்துப் போட்டால், கணக்குப்படி உங்களுக்குக் கால் கிடைத்துவிட்டது, அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான். அதனால் மாட்டி, நின்று, நடந்து பார்த்து, நீங்களே சரி என்று சொல்கிறவரை பெற்றுக்கொண்டேன் என்று எழுதாதீர்கள். கூச்சமாக இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும்.

சரி, பொருந்துகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அது அறுவைச் சிகிச்சை முடிந்த வாரமே தொடங்கும் வேலை. மிச்சமிருக்கும் காலை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். அது முதலில் வீங்கியிருக்கும். தையல் பிரித்து, காயம் ஆறி, வீக்கம் வடிந்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். பலருக்கு இரண்டு மாதமாவது ஆகும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். அதுவரை க்ரேப் பேண்டேஜை எட்டு வடிவத்தில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றச் சொல்லித் தருவார்கள். சோம்பல்படாமல் தினமும் சுற்றினால் ஸ்டம்ப் நல்ல உருவத்துக்கு வரும். முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது இதமாக இருக்கும், ஆனால் வைக்கவே கூடாது. முட்டி மடங்கியே இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல காலும் உட்காராது. தொடையில் எடுத்தவர்கள் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஸ்டம்ப் உள்ளே உட்காரும் கிண்ணம்தான் சாக்கெட். கால் சுகமாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சில் அங்கங்கே செதுக்கியும் ஏற்றியும் சாக்கெட்டை வார்ப்பார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாரும் பக்கங்களிலுள்ள சதையும்தான் எடையைத் தாங்க வேண்டும். முன் எலும்பின் விளிம்பு, அதன் நுனி, வெளிப்பக்கம் முட்டிக்குக் கீழே துருத்தும் சின்ன எலும்பு முண்டு, இந்த மூன்றும் எடை தாங்காத இடங்கள். அங்கே வலித்தால், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். எலும்பு அழுத்துவது பழக்கத்தில் சரியாகாது, அந்த இடத்தில் சாக்கெட்டைச் சூடுகாட்டி விரிக்க வேண்டும் அல்லது தேய்க்க வேண்டும். கால் செய்யும் டெக்னீஷியனுக்கு இது அன்றாட வேலைதான்.

போட்டுப் பார்க்கிற நாளில் அவசரப்படாதீர்கள். கொஞ்ச நேரம் நில்லுங்கள், நடங்கள், நாற்காலியில் உட்காருங்கள். உட்காரும்போது சாக்கெட்டின் பின்விளிம்பு முட்டிக்குப் பின்னால் குத்தக் கூடாது. இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை அங்குலம் கூடினாலும் நாளடைவில் முதுகுவலி வரலாம். காலைத் தூக்கும்போது சாக்கெட் ஸ்டம்பிலிருந்து நழுவி, ஊன்றும்போது மேலேறினால் தளர்வு என்று அர்த்தம். அப்புறம் கழற்றிப் பாருங்கள். தோல் சிவந்திருப்பது இயல்பு, கால் மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டாலோ கொப்புளம் இருந்தாலோ அந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு டெக்னீஷியனிடம் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வலியை நம்பக் கூடாது, முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஸ்டம்பின் அடியைத் தினமும் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் இன்னொரு பாதத்தையும்தான்.

இல்லாத பாதத்தில் எரிச்சலோ வலியோ இருப்பது வேறு விஷயம். அது சாக்கெட்டின் குறை அல்ல, மனப்பிரமையும் அல்ல. நரம்பு சம்பந்தப்பட்டது, மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்றாடத்தையும் சொல்லுங்கள். வயலில் இறங்குவீர்களா, கடையில் நாள் முழுக்க நிற்பீர்களா, வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா, கழிப்பறை எந்த மாதிரி. ஜெய்ப்பூர் பாதம் என்ற செயற்கைப் பாதம் 1968-இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே.சேத்தி என்ற மருத்துவரும் உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்கவும், குந்தி உட்காரவும், சேற்றில் இறங்கவும் வேண்டும் என்று நம் ஊர் வாழ்க்கையைப் பார்த்தே செய்தார்கள். பூட்ஸுக்குள் போடுவதற்கென்று செய்த பாதம் விவசாயிக்கு உதவாது. செருப்புப் போடுபவர் என்றால் அந்தச் செருப்பையே அளவுக்குக் கொண்டுபோங்கள். குதிகால் உயரம் மாறினால் காலின் சாய்வே மாறிவிடும். தொடையில் எடுத்தவர்களுக்கு முட்டி மூட்டும் சேர்த்து வேண்டும். ஒரே அச்சில் மடங்கும் மூட்டைவிடப் பல அச்சு மூட்டு நிற்கும்போது உறுதியாக இருக்கும், சட்டென்று மடங்கி விழுவது குறையும். சென்னை ஐஐடி இந்த வகையில் "கடம்" என்ற மூட்டை உருவாக்கியிருக்கிறது. எந்த வகை மூட்டு தருகிறார்கள் என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

முதல் வருடத்தில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே இருக்கும். அன்று சரியாக இருந்த சாக்கெட் ஆறு மாதத்தில் தொளதொளக்கும். முதலில் ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேலும் தளர்ந்தால் சாக்கெட்டை மாற்றத்தான் வேண்டும். பாதமும் அதைச் சாக்கெட்டோடு இணைக்கும் குழாயும் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டே சாக்கெட்டை மட்டும் புதிதாகச் செய்யலாம். பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. மூட்டைக்குப் பின்னால் கிடந்த காலைத் துடைத்து எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம், நான்கு முறை போக வேண்டியிருந்தது. சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை என்பது அந்த அலைச்சலில் எங்களுக்குப் பெரிய உதவி.

ஆகவே, கால் வாங்கும்போதே "பழுது பார்க்க எங்கே வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். சரிசெய்ய மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். விசாரணையில் அவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு, ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்க முடியும். மனு வெள்ளைத்தாளில் இருந்தால் போதும், எங்கே வலிக்கிறது, எத்தனை முறை போனீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று தேதியோடு இருக்கட்டும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளி என்றால் வழி வேறு. செயற்கைக் கால் அந்த மருத்துவப் பயனிலேயே அடக்கம், உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து தொடங்குங்கள்.

சாலை விபத்தில் காலை இழந்தவர்கள் இழப்பீட்டு மனுவில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். உத்தரப்பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான ஒரு வழக்கில், 2022 டிசம்பரில், ஒரு செயற்கைக் கால் ஐந்தாறு ஆண்டுதான் உழைக்கும் என்பதைக் கருத்தில் எடுத்துக்கொண்டு, இனி வாங்க வேண்டிய கால்களுக்கும் அவற்றின் பராமரிப்புக்கும் சேர்த்து உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தியது. உங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லி, ஒரு காலின் விலையோடு நிறுத்தாமல் ஆயுளுக்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள். அதற்கு ஆதாரமாக, காலின் விலை, அதன் ஆயுள், வருடத்துக்கு ஆகும் பழுதுச் செலவு மூன்றையும் காலைச் செய்து தரும் மையத்திடம் எழுத்தில் வாங்கி மனுவோடு இணையுங்கள்.