ரியல் எஸ்டேட்: நிலமா, நிலையா?

"ரியல் எஸ்டேட்டில் இறங்கலாம்னு இருக்கேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதில் இறங்கப்போகிறார் என்று தெரிவதில்லை. மனை வாங்கிப் போடப் போகிறாரா? வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறாரா? அடுத்தவர் வீட்டை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கப் போகிறாரா? சொத்துக்கும் இதே பெயர், அந்தச் சொத்தை வைத்துச் செய்யும் அத்தனை தொழிலுக்கும் இதே பெயர். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் கொஞ்சம் அவிழும்.

முதல் பாதியான 'ரியல்' பற்றி ஒரு கதை உலவுகிறது. அது 'ராயல்' என்பதன் திரிபு, நிலமெல்லாம் அரசனுடையதாக இருந்ததால் வந்தது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. லத்தீனில் 'ரெஸ்' என்றால் பொருள், வஸ்து. அதன் வழியில் வந்ததுதான் ரியல். பழைய ஆங்கிலச் சட்டத்தில், உங்கள் நிலத்தை ஒருவன் பிடுங்கிக்கொண்டால் வழக்காடி அந்த நிலத்தையே திரும்பப் பெறலாம். மாட்டையோ மரச்சாமானையோ கொண்டுபோனால் பெரும்பாலும் அதற்கு ஈடான பணம்தான் கிடைக்கும். பொருளையே மீட்டுத் தரும் வழக்குக்கு 'ரியல்' என்று பெயர். அப்படி மீட்கக்கூடிய சொத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

'எஸ்டேட்' என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் ஞாபகம் வரும். மூலம் வேறு. 'நிற்கும் நிலை' என்ற பொருள் கொண்ட லத்தீன் 'ஸ்டேட்டஸ்', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் எஸ்டேட் ஆனது. இடைக்கால இங்கிலாந்தில், நிலம் முழுவதும் கடைசியில் அரசனுக்கே சொந்தம் என்பது சட்டக் கொள்கை. மற்றவர்களுக்கு இருந்தது அந்த நிலத்தில் ஒரு நிலை மட்டுமே. ஒருவருக்கு ஆயுள் முடியும்வரை, இன்னொருவருக்கு வாரிசுகள் கைக்கும் போகும்படி, வேறொருவருக்குச் சில நிபந்தனைகளோடு. அந்த நிலைக்குத்தான் எஸ்டேட் என்று பெயர். இரண்டு சொல்லும் சேர்ந்து 'ரியல் எஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்.

புதிதாக வருகிறவர் நிற்க வேண்டிய இடம் இது. அவர் காசு கொடுத்து வாங்குவது மண்ணை அல்ல, மண்ணின்மேல் உள்ள உரிமையை. ஒரே மனையில் உரிமையாளருக்கு ஒரு பாத்தியதை, குடியிருப்பவருக்கு ஒன்று, கடன் கொடுத்த வங்கிக்கு ஒன்று, அதன் வழியே நடந்துபோகும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று என்று நாலு பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம். இதைத் தமிழ் முன்பே தெரிந்துவைத்திருக்கிறது. 'காணி' என்பது நில அளவை மட்டுமல்ல, வழிவழியாக வரும் நில உரிமையும்கூட. 'காணியாட்சி' என்ற பழைய சொல் எஸ்டேட்டின் சட்டப் பொருளுக்கு வெகு அருகில் வருகிறது. சொத்தின்மேல் ஏறிக்கிடக்கும் அடுத்தவர் பாத்தியதைக்கு நம்மிடம் இருக்கும் சொல் வில்லங்கம். அது பத்திரத்தை விட்டு வெளியே வந்து, "வில்லங்கமான ஆள்" என்று மனிதர்களையும் குறிக்கிற அளவுக்குப் போய்விட்டது. எத்தனை பேர் பட்டிருந்தால் அப்படி ஆகியிருக்கும்!

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்து' என்று வரும். ஸ்தாவரம் நிலைத்து நிற்பது, ஜங்கமம் நகர்வது. அதுவே இன்று அசையாச் சொத்து, அசையும் சொத்து. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இதே வழியில் யோசித்து, அசையாதது என்ற பொருள்படவே பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் இன்னும் அழகு: 'பியெனெஸ் ராய்செஸ்', அதாவது வேர்ச் சொத்து. இலங்கைத் தமிழில் ஆதனம் என்ற சொல் உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் சொத்து முகவர் என்கிறார்கள்.

எனக்குப் பிடித்த சொல் 'மனை'. மன்னுதல் என்றால் நிலைத்திருத்தல். அந்த 'மன்' என்ற வேரிலிருந்து வந்தது மனை என்பார்கள். எஸ்டேட் நிற்பதிலிருந்து பிறந்தது, மனை நிலைத்திருப்பதிலிருந்து பிறந்தது. இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது, இருந்தும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் வரும் 'மனை உறை குரீஇ' வீட்டில் வாழும் குருவி. இன்றைக்கு மனை என்றால் கல் நட்ட வெறும் இடம், வீடு அதன்மேல் இனிமேல்தான் வரவேண்டும். பொருள் இப்படித் தலைகீழானாலும் வீடு, நிலம் இரண்டையும் தொட்டு நிற்பதால் தொழிலுக்கு 'மனை வணிகம்' என்பது பொருந்துகிறது. சொத்துக்கு அசையாச் சொத்து. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லியே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. பிரித்துச் சொன்னால்தான் தெளிவு.

அப்புறம் ஆட்கள். 'புரோக்கர்' என்ற சொல்லின் தொடக்கம் மதுக்கடையில். பீப்பாயைத் திறந்து சில்லறையாக ஒயின் விற்றவரைக் குறித்த சொல், மெல்ல இடையில் நின்று வாங்கி விற்கிறவருக்கு ஆகி வந்தது. தமிழில் தரகர். தரகு மிகப் பழைய சொல். பல்லவர் செப்பேடுகளில் வரிகளின் பட்டியலிலேயே அது இருக்கிறது. செய்யும் வேலைக்கும் அதற்கான கூலிக்கும் சேர்த்தே தரகு என்பது வசதி.

'ஏஜென்ட்' வேறு ஆள். 'செய்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல், இன்னொருவருக்காகச் செய்பவர். தமிழில் முகவர், ஒருவருக்கு முகமாக நிற்பவர். தரகர் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கலாம். முகவர் நடுவில் நிற்பவர் அல்ல, ஒருவர் பக்கம் நிற்பவர். விற்பவரின் முகவராக இருந்துகொண்டு, "அவர் இன்னும் குறைச்சுக்குவார், கேட்டுப் பாருங்க" என்று வாங்குபவர் காதில் சொல்வது துரோகம். சட்டமும் அதை விசுவாசக் கடமை மீறல் என்றுதான் பார்க்கும். நம் பேச்சில் இரண்டையும் தரகர் என்றே சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு மங்கிக் கிடக்கிறது. இன்னொன்று: அமெரிக்காவில் கேட்கும் 'ரியல்டர்' தொழிலின் பொதுப்பெயர் அல்ல. மினியாபொலிஸைச் சேர்ந்த சார்ல்ஸ் சாட்போர்ன் 1916இல் உருவாக்கிய சொல் அது. அங்குள்ள மனை முகவர்களின் தேசியச் சங்கத்தின் வணிகச் சின்னம், சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது.

முதலீட்டாளர் கதைக்கு வருவோம். 'இன்வெஸ்ட்' என்பதன் லத்தீன் வேர் உடை உடுத்துவது. பணம் ஒரு வடிவத்தைக் களைந்து இன்னொரு வடிவத்தை உடுத்திக்கொள்கிறது. தமிழில் இடு என்பது நீண்டு ஈடு. முதலை இடுவது முதலீடு. ஈடு என்றால் அடமானமாக வைக்கும் பொருளும்தான். கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு இரண்டு பொருளும் ஒரே வீட்டிலேயே கிடைத்துவிடும்.

கணக்கு இப்படிப் போகும். விலை 100 பங்கு, கைக்காசு 20, கடன் 80 என்று வைத்துக்கொள்வோம். விலை 110 ஆனால், வட்டியையும் செலவையும் சேர்க்காமல் பார்த்தால், கைக்காசு 30 ஆகிறது, பாதி லாபம். 90 ஆனால் கைக்காசில் பாதி போச்சு. இதைத்தான் ஆங்கிலத்தில் நெம்புகோலின் பெயரால் லெவரேஜ் என்கிறார்கள். நெம்புகோல் தூக்கும், நழுவினால் அடிக்கும். விலை ஏறாத வருடங்களில் வாடகைதான் தவணையைத் தாங்கவேண்டும். ஆள் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் மாதங்களையும் ரிப்பேர் செலவையும் வாடகையிலிருந்து கழிக்காமல் கணக்குப் போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

'ஊதியம்' என்ற சொல்லும் இங்கே வேடிக்கை காட்டுகிறது. "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்ற குறளில் (449) ஊதியம் என்றால் லாபம். இன்று அது சம்பளம். பழைய பொருளில் அது முதலீட்டாளருக்கு, புதிய பொருளில் முகவருக்கு. ஆனால் முகவரின் ஊதியம் மாதச் சம்பளம் மாதிரி வராது. பெரும்பாலும் பத்திரம் முடிந்தால்தான் கமிஷன். பத்து பேருக்கு வீடு காட்டி ஒருவரும் வாங்காவிட்டால் அலைந்ததுதான் மிச்சம். அதனால் முகவராகத் தொடங்குகிறவருக்கும், மனை வாங்க இல்லாவிட்டாலும் சில மாதச் சாப்பாட்டுக்காவது, ஒரு முதல் வேண்டும்.

இரண்டு வேலையையும் ஒருவரே செய்வதில் தப்பில்லை, பலர் செய்கிறார்கள். சந்தையில் என்ன வருகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது முகவருக்கு முதலில் தெரியும். முதலீட்டாளருக்குத் தேவையானதும் அதுவே. சிக்கலும் அங்கேயே. மலிவாக ஒரு வீடு வந்தால் அது வாடிக்கையாளருக்கா, தனக்கா? பிரிட்டனில் 1979ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட்கள் சட்டம், பரிவர்த்தனையில் முகவருக்குச் சொந்த ஆதாயம் இருந்தால் பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கிறது. விசிட்டிங் கார்டில் 'ரியல் எஸ்டேட்' என்று மட்டும் போட்டால் எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. 'வீடு, மனை முகவர்' என்று போட்டால் "யாருக்கு முகவர்?" என்று அவர் கேட்பார்.